நடுவயதில் ஓர் அரிச்சுவடி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடிக் கொல்கத்தா வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னரும், நம்மிற் பலர் அறிந்த வங்கமொழி காய்கறிக் கடையோடு நின்றுவிடுகிறது. மருத்துவரிடம் செல்லும்போது பள்ளிப் பிள்ளையைத் துபாஷியாக உடனழைத்துச் செல்கிறோம். அண்டை வீட்டில் துக்கம் நேர்ந்தால், ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்ல இயலாமல் கைகூப்பி நிற்கிறோம். கேட்டால், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்கிறோம்.

வளையும் என்பதற்குச் சான்று உண்டு. 1946ஆம் ஆண்டில், கலவரத்தால் நொந்த நவகாளி மக்களிடையே சென்று தங்கிய காந்தியடிகள், அங்கே வங்க எழுத்துக்களை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது 77.

நமக்கோ பாதி வழியைத் தமிழே கடத்திவிடுகிறது. "ஆமி பாத் கேயே ஜாபோ" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், "நான் சோறு உண்டு போவேன்" என்றாகும். வரிசை சிறிதும் குலையாது. இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண் பார்த்து வினை மாறும். வங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாம் நீ, நீங்கள் என்று மரியாதை பகுப்பதுபோல, அவர்கள் துய், துமி, ஆப்னி என்று மூவகையாகப் பகுப்பர். இடர்ப்பாடு எழுத்திலும் ஒலியிலுமே உள்ளது. நம் ககரம் ஒன்றுக்கு அங்கே நான்கு எழுத்துக்கள். அகரமும் பலவிடத்து ஒகரம்போல் ஒலிக்கும். 1855இல் வித்தியாசாகரர் வெளியிட்ட 'வர்ண பரிச்சயம்' என்னும் அரிச்சுவடியை எடுத்து, நாள்தோறும் அரைமணி நேரம் எழுதினால் இவை படிந்துவிடும்.

பழக விடாமல் நம்மைத் தடுப்பது நாணமே. அலுவலகத்தில் பத்துப் பேருக்கு ஆணையிடும் நாம், வீட்டில் பிள்ளைகள் சிரிக்கும்படி உச்சரிக்க வேண்டுமே என்று கூசுகிறோம். சிரிக்கட்டும்! அப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஞாயிறுதோறும் தமிழ் எழுதுமாறு அவர்களை வற்புறுத்துகிறோம். நாம் கற்க மறுத்துக்கொண்டு அவர்களைக் கற்கச் சொன்னால், அச்சொல் எடுபடுமா? ஒரே விளக்கின்கீழ்ப் பெற்றோர் வங்க எழுத்தும் மக்கள் தமிழெழுத்தும் எழுதட்டும். ஒருவர் பிழையை ஒருவர் திருத்தட்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அண்டை வீட்டாரை அவர்கள் மொழியில், நம் கையாலேயே எழுதி அழைப்போமாக.