மணியம் ஏன் தனியாக நின்றான்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, தேயிலை மலையிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலையை முடித்துவிட்டு, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமார்களே, ஐயாமார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு, பல்லின நாட்டில் இலக்கியமும் தேசிய அடையாளமும். கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் பேச வேண்டிய தலைப்பு. இங்கே குளிர் இலவசம் என்பதால் மேலே ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. மே 13 இனக்கலவரத்தின் சூடு ஆறாத காலம். தேசியப் பண்பாட்டுக் கொள்கை அங்கிருந்துதான் வந்தது. அதையொட்டி இலக்கியத்திலும் ஒரு கோடு கிழித்தார்கள். மலாயில் எழுதினால் தேசிய இலக்கியம், தமிழிலோ சீனத்திலோ எழுதினால் அந்தந்த இனத்தின் இலக்கியம். 1981-இல் கெரிஸ் மாஸுக்குத் தேசிய இலக்கியவாதி விருது கொடுத்துத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் தமிழில் எழுதியவர் ஒருவரும் இல்லை, சீனத்தில் எழுதியவரும் இல்லை. கெடா பீடோங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியத்துக்கு 2000-இல் ராஜா ராவ் விருதை டில்லியில் கொடுத்தார்கள். நம் தமிழ் எழுத்தாளர் சீ. முத்துசாமிக்கு 2017-இல் விஷ்ணுபுரம் விருது கோயம்புத்தூரில் கிடைத்தது. நம்மவருக்கு மாலை எப்போதும் விமானம் ஏறிப் போய்த்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

மலாய் தேசிய மொழி என்பதில் எனக்கு எந்தச் சச்சரவும் இல்லை. அரசமைப்பின் 152-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வேறு மொழியைக் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக் கூடாது என்பதையும் அதே பிரிவுதான் சொல்கிறது. என் கேள்வி வேறு. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்ச் சயாமில் தண்டவாளம் போட வைத்த கொடுமை அது. மலாய்க்காரரும் சீனரும் அதே பாதையில் செத்தார்கள். அந்தச் சாவு நாட்டின் சரித்திரமாம், அதைச் சொன்ன நாவல் மட்டும் ஓர் இனத்தின் இலக்கியமாம். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

சரி, 'இந்தர்லோக்' விவகாரத்துக்கு வருவோம். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த நாவல். ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம் என்று மூன்றையும் பின்னிப் பார்த்தார். ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வைத்தபோது, அதில் இந்தியர்களைக் குறித்து வந்த சாதிச் சொல் நம்மைக் கொதிக்க வைத்தது. 2011 முடிவில் அதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். கொதித்தது நியாயம்தான், நானும் கொதித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாவலில் வரும் இந்தியன் மணியம் ஏன் வகுப்பறையில் தனியாக நின்றான்? பக்கத்தில் நிற்க, தமிழன் எழுதி மலாயில் வந்த இன்னும் நாலு மணியங்கள் இருந்திருந்தால், மலாய்ப் பிள்ளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கும், ஓர் எழுத்தாளரின் பிழை நம் மொத்த முகமாகியிருக்காது. 1917-இலிருந்து இந்த நாட்டில் தமிழ் நாவல் எழுதுகிறோம். எழுதினோம், நமக்குள்ளேயே வெளியிட்டோம், நமக்குள்ளேயே பொன்னாடை போர்த்திக்கொண்டோம். உதயசங்கர் போன்ற எழுத்தாளர்கள் மலாயிலேயே எழுதப் போனபோது கைதட்டியவர்களைவிட முகம் சுளித்தவர்கள் அதிகமோ என்றுகூடத் தோன்றுகிறது.

இந்த மலையைப் பற்றி உலகம் படித்த நாவல் ஒன்று உண்டு. பினாங்கில் பிறந்த தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதியது. 2012-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல்வரை போனது. சீனப் பெண், ஜப்பானியத் தோட்டக் கலைஞர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தேயிலை முதலாளி என்று மூன்று பேர் கதை. நல்ல நாவல், படியுங்கள். கொழுந்து பறிக்கும் நம் ஆட்கள் அதில் தூரத்துப் பச்சைக்குள் தெரிகிறார்கள். அந்த எழுத்தாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்ததை அவர் எழுதினார்.

நம் சன்னலிலிருந்து என்ன தெரிந்தது? போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. காடழித்துத் தோட்டம் போட்டோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அழிந்த காடு யாருடையது? பூர்வகுடிகளான செமாய் மக்களுடையது. அவர்களில் அகியா என்ற எழுத்தாளர் இருக்கிறார். அடிமை பிடிக்க வந்தவர்களோடு தம் முன்னோர் போரிட்டதை 'பெராங் சங்கில்' என்று மலாயில் நாவலாக எழுதினார். இந்த மண்டபத்தில் அதைப் படித்தவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, நானும் தாமதமாகத்தான் படித்தேன். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) நின்றுவந்த கேமரன் மலைத் தொகுதியில் 2019 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, நாடாளுமன்ற மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியானார். 'நம்ம தொகுதி போச்சு' என்று தேநீர்க் கடையில் புலம்பிய தமிழர்கள் உண்டு. இந்த மண்ணில் நமக்கு மூத்தவர் போயிருக்கிறார் என்று எத்தனை பேர் சொன்னோம்?

இன்று கொழுந்து மலையில் கத்தரியும் இயந்திரமும் பிடித்து நிற்பவர்களில் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். நம் தாத்தா கப்பலில் வந்தார், இவர்கள் ஏஜெண்டுக்குக் கடன்பட்டு விமானத்தில் வருகிறார்கள். கங்காணியிடம் பட்டது நமக்குத் தெரியும் அல்லவா? அப்படியிருந்தும் நம் கதைகளில் அவர்கள் 'பங்களா' என்ற ஒற்றை வார்த்தையில் வந்து போகிறார்கள். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கர் அணையைத் திறந்துவிட்ட இரவில், இதே பெர்த்தாம் ஆறு ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அது யாரிடமும் குடிமகனின் நீல அடையாளக் கார்டா, நிரந்தரவாசியின் சிவப்பா, வெளிநாட்டவரின் பெர்மிட்டா என்று கேட்கவில்லை. அந்த இரவை முழுசாக எழுத வேண்டுமானால் தமிழன், சீனன், செமாய், வெளிநாட்டுக் கூலி என்று எல்லாரும் அந்தக் கதைக்குள் வந்தாக வேண்டும். அப்படி ஒரு கதையை நாம் எழுதினால், அதைத் தேசிய இலக்கியம் இல்லை என்று சொல்ல அரசின் மொழி, இலக்கிய நிறுவனமான டேவான் பஹாசாவுக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தை நாம் கொடுக்க வேண்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சிறுகதைப் போட்டி வைத்தால், பரிசுக் கதைகளை மலாயில் மொழிபெயர்க்கும் செலவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பொன்னாடைகளைக் குறைத்தால் காசு மிச்சமாகும், என்னிலிருந்தே தொடங்கலாம். செமாய்ப் பிள்ளைகளும் மலாயில் எழுதி அனுப்பட்டும், அதைத் தமிழாக்க இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையிலேயே மூன்று பேரைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாதீர்கள் சார், பெயர் எழுத நோட்டோடு வாசலில் நிற்பேன்.