நின்றுபோன சந்தா



எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அதன் முன்பக்கங்களில் மாதச் சந்தா தருவோரின் பெயர்கள் இருக்கும். பின்பக்கங்களில் உதவி பெறும் குடும்பங்களின் பெயர்கள். முன்பக்கத்தில் ஒரு தையல்காரத் தாயின் பெயருக்கு நேரே எட்டு மாதமாக ஒன்றும் எழுதப்படவில்லை. 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஒருவராவது அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

கடைசியில் போனபோதுதான் தெரிந்தது: கண்ணில் புரை விழுந்து, தையல் வேலை நின்றுபோயிருந்தது. ஞாயிறு திருப்பலிக்கும் பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். "பாக்கி நிக்குதே சாமி, எந்த முகத்தோட உங்க முன்னால வர்றது?" என்றார். முன்பக்கத்துப் பெயர் பின்பக்கத்திற்கு மாறவேண்டிய வேளையில், நாங்கள் பாக்கிக் கணக்குப் பார்த்திருந்தோம். வெட்கத்தோடு திரும்பினோம்.

பிலிப்பியருக்கு எழுதிய மடலின் 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தூய பவுல் சிறையில் இருக்கிறார். பிலிப்பி மக்களின் உதவி இடையில் நின்று, மறுபடியும் வந்திருக்கிறது. 'ஏன் நிறுத்தினீர்கள்?' என்று அவர் கேட்கவில்லை. அவர்களுக்கு அக்கறை இருந்தது, வாய்ப்புத்தான் இல்லை என்று அவர்கள் சார்பில் அவரே பேசுகிறார். தாம் நாடுவது கொடையை அல்ல, அவர்களுக்குச் சேரும் பலனையே என்கிறார்.

1833-இல் பாரிஸ் நகரில், மாணவராக இருந்த அருளாளர் பிரடெரிக் ஓசானாம் நண்பர்களோடு இச்சபையைத் தொடங்கியபோது, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சந்திப்பதையே முதல் பணியாகக் கொண்டார். அந்தச் சந்திப்பு, கொடுத்து நிறுத்தியவர்களுக்கும் உரியதல்லவா?

எனவே, அன்பர்களே, இந்த வாரம் இருவர் இருவராகப் போவோம். ரசீதுப் புத்தகத்தைக் கோவிலிலேயே வைத்துவிட்டுப் போவோம். முதலில் நலம் விசாரிப்போம். அவர்கள் முன்பு தந்த பணம் யாருக்கு மருந்தானது, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமானது என்று நன்றியோடு சொல்வோம். நாம் மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்போம். சேர்ந்து செபிப்போம். மீண்டும் தர முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டால், அவர்களுடைய செபத்தையே காணிக்கையாகப் பெற்று வருவோம்.

நல்ல ஆயனாம் இறைவா, ஒரு பெயர் விடுபட்டாலும் நீர் தேடி வருகிறீர். பாக்கியை அல்ல, ஆளைத் தேடும் மனத்தை எங்களுக்கும் தாரும். ஆமென்.