கோழிக்கூட்டிற்கும் காவல் வேண்டும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கோழிக்கூட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நிலமில்லாத நம் வீடுகளில் தாய்மார்களின் கையிருப்பு பெரும்பாலும் கோழிதானே! பள்ளி திறக்கும் மாதத்தில், வட்டிக்காரர் வாசலை மிதியாமல், இரண்டு சேவல்களை விற்று நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்த தாய்மார்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தக் கையிருப்பைக் காட்டுப்பூனை ஒரே இரவில் அழித்துவிடும். அதனைத் தடுப்பதும் கல்விப் பணியே ஆகும்.

நமது மதுரைச் சமவெளியில், வைகைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் கோழிக்குப் பகை பல. பகலில் பருந்தும் கீரியும் வரும்; இரவில் காட்டுப்பூனை, மரநாய், பெருச்சாளி வரும்; பாம்பும் தெருநாயும் எந்நேரமும் வரும். பஞ்சாரம் குஞ்சுகளைப் பருந்தினின்று காக்கும். ஆனால் நாய் அதனைப் புரட்டிவிடும். ஆதலால் இரவுக்கு உறுதியான கூடு வேண்டும்.

பத்துக் கோழிகள் இரவில் அடைய 6 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். கல் தூண்களின் மேல் 2 அடி உயரத்தில் கூட்டை அமைப்பது நலம். தரையோடு கட்டுவோர், சுற்றிலும் ஓரடி ஆழத்திற்குக் கம்பிவலையைப் புதைத்து, அதன் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். தோண்டி வரும் விலங்கு வலையில் முட்டித் திரும்பும். கடைகளில் விற்கும் மெல்லிய அறுகோணக் கோழிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுடைய வெல்டிங் வலையே ஏற்றது. கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகளையும் அவ்வலையாலேயே அடைத்தால் காற்று தடைப்படாது. தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்றுப் பரப்பினால் சித்திரை வெயில் தணியும். கதவுக்கு மேலும் கீழும் இரு தாழ்ப்பாள்கள் வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் கோழிகளை எண்ணி அடைக்க வேண்டும். முட்டைகளை அன்றாடம் எடுத்துவிட வேண்டும். சிந்திய தீவனத்தைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே கூட்டைத் தூய்மையாக வைத்தலும் காவலின் ஒரு பகுதியே.

நஞ்சு வைத்தல் கூடாது. கீரியும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. வயலில் எலியைக் குறைப்பவையும் அவையே. மேலும், வைத்த நஞ்சை நம் வீட்டுக் குழந்தையும் தொட்டுவிடலாம் அன்றோ?

எவ்வலையாலும் தடுக்க இயலாத பகை ஒன்றுண்டு. அது ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோய். அதற்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடச் செய்க. கோழி வளர்ப்பில் ஐயம் நேர்ந்தால், திருப்பரங்குன்றத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம்.

இளைஞர்களே! தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பயின்றவர்கள் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். விடுமுறை நாட்களில் நால்வர் சேர்ந்து, முதலில் கணவனை இழந்த தாய்மார்களின் வீடுகளில் இத்தகைய கூடுகளை அமைத்துக் கொடுங்கள். அவ்வீட்டுப் பிள்ளையின் தேர்வுக் கட்டணம் அக்கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.