கையிலே கருவி; கருத்திலே காவல்!

(அடையாற்றில் கல்லூரி மாணவர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



மயிலையிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் வாழும் நமக்கு, திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூர் எங்கோ உள்ள சிற்றூர். ஆனால், 2018 மே திங்களில் அங்கே சிந்திய இரத்தம், சென்னைக் குடும்பத்தின் இரத்தம்! குலதெய்வத்தை வணங்கச் சென்றனர். வழியிலே கண்ட குழந்தைகளுக்கு, 65 வயது மூதாட்டி மிட்டாய் கொடுத்தார். அன்பின் கை அது. பிள்ளை பிடிக்கும் கை என்று கருதிற்று கூட்டம். அடித்தனர், மூதாட்டி மாண்டார்.

அடித்தவர் செய்தது குற்றமே, ஐயமில்லை. ஆனால், அந்த அச்சத்தை விதைத்தவர் யார்? பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்று வாட்ஸ்அப் வழியே செய்தி பரப்பியோர்! விதைத்தவன் எங்கோ இருந்தான். வெட்டுண்டது வேறொருவர் வாழ்வு.

அந்நாளில் நாடெங்கும் உலவிய படம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வருவோர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். உண்மையில் அது, குழந்தைகளைக் காத்திடுக என்று அறிவுறுத்தக் கராச்சியில் எடுக்கப்பட்ட விளம்பரப் படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் இறுதிக் காட்சியை வெட்டினர், எச்சரிக்கை எரிதழலாயிற்று! பொய்யை முழுவதும் புனைய வேண்டுவதில்லை. மெய்யின் வாலை நறுக்கினால் போதும்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் படங்கள் பரவின. ஒன்று, திருப்பூரில் அத்தொழிலாளர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூரார் மோதிக்கொண்டது என்று காவல்துறை விளக்கிற்று. அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் அமளி! அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து, நேரில் விசாரித்தது. நம் நகரிலே மாடி எழுப்பும் உழைப்பாளியின் இல்லத்தாரை அழ வைக்க, பொய்ப்படம் இரண்டு போதுமாயிற்று.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்பீர்கள். தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்பதைத் தன் குழுவே முடிவு செய்யும் என்று 2023இல் மத்திய அரசு விதி வகுத்தது. வழக்காடுபவரே நீதிபதியாவதா? 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்விதி செல்லாதென்றது. நிறுவனம் தடுக்காதா என்பீர்கள். 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவொட்டாது இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்திற்று. வேகம் குறைந்தது, பொய் மெய்யாகிவிடவில்லை!

எனவே, காவல் நம்முடையது. எடுத்தது எங்கே? என்று? முதலில் சொன்னவர் யார்? முன்னும் பின்னும் வெட்டப்பட்டதோ? இந்நான்கையும் கேளாமல் விரல் அசைதல் கூடாது. அதிலும், நமக்குப் பிடித்த செய்தியிலே இருமடங்கு விழிப்பு வேண்டும். மாற்றாரைத் தாழ்த்தும் பொய் நமக்கு இனிக்கும். அந்த இனிப்புத்தான் நஞ்சு! பொய்யால் பெறும் வெற்றி, கொள்கைக்குத் தோல்வி.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, முதலைகள் தப்பின என்று வதந்தி பரப்பியதும் இந்தக் கருவிதான்; உணவும் படகும் எங்கே தேவை என்று இளைஞருக்கு உரைத்ததும் இதே கருவிதான். கருவி ஒன்று; பிடித்த கைகள் வேறு.

இல்லம் செல்லுங்கள். அத்தையோ, பெரியப்பாவோ அனுப்பிய பொய்யைக் கண்டால் ஏளனம் செய்யாதீர்; அருகமர்ந்து, மெய்யைக் காட்டுங்கள். படித்தவன் கடன் அது. அத்திமூர் இன்னொன்று வேண்டாம்!