சாட்சிக் கூண்டும் 'வழமையான' மூளையும்



இந்த ஆய்வரங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றில் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைதான் பொருத்தம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். டொக்டரிடம் போகிற ஒருவருக்கு மிஞ்சிப்போனால் ஒரு நோய்ப்பெயர் கிடைக்கும். இங்கே வருகிறவரை நம்புவதா வேண்டாமா என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். யாரை நியூரோடிப்பிக்கல், அதாவது 'வழமையான' மூளை உள்ளவர், என்கிறோம், அவரையே எல்லோருக்கும் அளவுகோலாக வைத்தது யார் என்ற கேள்வி ஆஸ்பத்திரியில் எழுவதைவிட நீதிமன்றத்தில் கூர்மையாக எழவேண்டியது. ஆனால் இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை.

நியூரோடிப்பிக்கல் என்ற சொல்லை உண்டாக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஓட்டிசம் உள்ளவர்கள் தாமே கூடி 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓட்டிசம் நெற்வேர்க் இன்ரர்நஷனல் வட்டத்தில் அது புழங்கத் தொடங்கிற்று. அதுவரை அவர்களுக்கு மட்டுமே பெயர் இருந்தது. மற்றவர்கள் வெறும் 'மனிதர்கள்'. பெயர் வைப்பவருக்கும் ஒரு பெயர் வைத்துப் பார்ப்போமே என்ற குறும்பு அதில் உண்டு. 1998இல் ஓட்டிசம் உள்ள ஒரு பெண்மணி, வழமையான மூளை உள்ளவர்களை ஆராயும் நிறுவனம் என்று ஒரு போலி நிறுவனத்தையே எழுத்தில் உருவாக்கினார். ஊரோடு ஒத்துப்போகும் வெறி, தம்மைப் போன்றோரே உயர்ந்தோர் என்ற மயக்கம் என்று நம்முடைய குணங்களை அச்சு அசல் மருத்துவ நடையில் நோய்க்குறிகளாக அடுக்கினார். வாசித்தால் சிரிப்பு வரும். பிறகு கொஞ்சம் கூச்சமும் வரும்.

ஒன்றைத் தெளிவாக்கி வைக்கிறேன், கட்டுரைகளில் இது குழம்பக்கூடும். ஓட்டிசம் இல்லாதவர் எல்லோரும் நியூரோடிப்பிக்கல் அல்லர். கவனம் நிலைக்காத ஏ.டி.எச்.டி. உள்ளவர், வாசிப்பில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர் ஓட்டிசம் இல்லாதவராக இருக்கலாம். அவரையும் இந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது. இது மருத்துவப் பரிசோதனை செய்து கொடுக்கும் சான்றிதழும் அல்ல. பள்ளிக்கூடம், அலுவலகம், கல்யாண வீடு எல்லாம் யாருடைய மூளைக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றனவோ அவரை அது குறிக்கிறது.

இச்சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. 'எங்களை எதற்கு ஒரு பெட்டிக்குள் அடைக்கிறீர்கள்' என்கிறார்கள். பெட்டி எப்படி இருக்கும் என்று அவர்கள் அறிந்துகொள்வது நல்லதுதான். அதே சொல்லை ஏச்சாக வீசும் இளைஞர்களையும் கண்டிருக்கிறேன். தமக்கு நடந்ததையே பிறருக்குச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது குரல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தாய்மாருடையது: 'பேச்சே வராத என் பிள்ளை இராத்திரி முழுக்க நித்திரை கொள்ளாமல் தலையை முட்டுகிறான். வித்தியாசம், பன்முகம் என்ற கதையெல்லாம் நன்றாகக் கதைக்கிறவர்களுக்குத்தான்.' அந்தக் கோபத்துக்கு இந்த அரங்கில் இடம் வேண்டும். வேறுபாட்டை மதிப்பது என்பது கஷ்டத்தை இல்லை என்று சாதிப்பதல்ல.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தை எடுங்கள். 3ஆம் பிரிவில், ஒரு நிகழ்வு எண்பிக்கப்பட்டதா என்பதை முன்மதியுள்ள ஒரு மனிதனை வைத்து அளக்கிறோம். 114ஆம் பிரிவு, மனித நடத்தையின் பொதுப் போக்கைக் கருதி ஊகம் செய்ய நீதிமன்றத்துக்கு அனுமதி தருகிறது. அந்த முன்மதிக்காரருக்கு எப்படிப்பட்ட மூளை, எந்த மனிதருடைய நடத்தை பொதுவானது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய தேவை இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றியிராது.

அதன் பலனைச் சாட்சிக் கூண்டில் பாருங்கள். கண்ணைப் பார்க்காதவனைக் 'கள்ள முழி' என்கிறோம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நேரம் எடுத்தால் பொய்யைச் சோடிக்கிறான் என்கிறோம். துயரச் சம்பவத்தை ஒரே தொனியில் சொன்னால் ஈரமில்லாதவள் என்கிறோம். குறுக்கு விசாரணையில் 'நீர் சொல்வது முழுப் பொய்' என்று சொல்லி நிறுத்துகிறோம். வழமையான சாட்சி உடனே மறுப்பார். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஓட்டிசம் உள்ள சாட்சியோ, கேள்வி ஏதும் கேட்கப்படவில்லையே என்று பேசாமல் நிற்கலாம். அந்த மௌனம் ஒப்புதலாகிவிடும். நம் ஊரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்தி நில் என்று பிள்ளைகளை வளர்த்துவிட்டு, கூண்டில் ஏறியதும் நிமிர்ந்து பார் என்கிறோம். மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண் இதில் படும் பாட்டை இங்குள்ள சட்டத்தரணிகள் அறிவார்கள்.

தவறு முழுவதும் சாட்சியிடம்தானா? ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்து, புரியாமை இருபக்கத்துக்கும் உரியது என்பது. எடின்பரோவில் கத்தரின் குரொம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. ஒரு செய்தியை ஆளுக்கு ஆள் கடத்தச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசையைப் போலவே செய்தியைக் கொண்டுசேர்த்தது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு அன்னிய உதாரணம் வேண்டியதில்லை. சிங்களத்தில் நடக்கும் வழக்கில் நிற்கும் தமிழருக்கு மொழிபெயர்ப்பைப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அவர் தடுமாறினால் அவருக்குப் புத்தி மட்டு என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டம், தொடர்பாடலில் இடர்ப்படும் சாட்சிக்குக் கேள்வியை எடுத்துச்சொல்லும் இடையாளருக்கு வழி செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பெண்ணின் சாட்சியம் மற்றவர் சாட்சியத்துக்கு ஒரு படி குறைந்ததல்ல என்றது. வலது குறைந்தோர் உரிமைகள் பற்றி நாமும் 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை நடைமுறை இசைவாக்கங்களைக் கேட்கிறது. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்று 2011இல் கட்டளையிட்டது நம் உயர் நீதிமன்றமேதான். கேள்வி கேட்கும் முறையில் ஒரு சாய்தளம் இன்னும் வரவில்லை.

வலது குறைந்தோருக்கான நம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இதற்கு உதவாது. வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற இயலாமையை வைத்தே அது வலது குறைந்தவரை வரையறுக்கிறது. வங்கியில் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் ஓட்டிசம் உள்ளவர் அதற்குள் வரமாட்டார்; அவர் கூண்டில் ஏறும் நாளில் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் 'முன்மதி குறைந்தவர்'.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டின் அரைநகரப் பகுதி ஒன்றில் 93 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் ஓட்டிசம் கண்டறியப்பட்டது. தாய்மாரிடம் கேட்கும் பெயர்பெற்ற அமெரிக்கக் கேள்விக்கொத்து அந்தக் குழந்தைகளில் நால்வரில் ஒருவரை மட்டுமே பிடித்தது. பிறகு அவர்கள் படங்களைக் கொண்ட உள்ளூர்க் கருவியை ஆக்கினார்கள். வழமை எது என்பதே ஊருக்கு ஊர் மாறுமானால், நீதிமன்றத்துக்கு நீங்கள் எழுதும் அறிக்கையில் எந்த ஊர் வழமையோடு ஒப்பிட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். குறுக்கு விசாரணையில் அதைக் கேட்கும்படி சட்டத்தரணிகளிடமும் சொல்கிறேன்.

ஒழுங்குகள் சில. வாசல் மேசையில் மூன்று நிறப் பட்டிகள் உள்ளன. சிவப்பு அணிந்தவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். மஞ்சள் அணிந்தவரிடம் அறிமுகமானவர்கள் மட்டும் பேசலாம். பச்சை அணிந்தவரிடம் எவரும் பேசலாம். ஓட்டிசம் உள்ளவர்கள் கூடும், 1996இல் தொடங்கிய ஓட்ரீற் சந்திப்புகளில் பிறந்த பழக்கம் இது. கைதட்டலின் சத்தம் தாங்காதவர்கள் இருப்பதால் கையை உயர்த்தி அசைத்தால் போதும். கேள்விகளை எழுதியும் தரலாம். பதிலுக்கு நேரம் எடுப்பவரை இடைமறிக்க வேண்டாம். முதல் அமர்வு 114ஆம் பிரிவு பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.