லூபஸும் காசநோயும்: மறைக்காமல் சொல்லுவோம்



லூபஸ் நோயாளர் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்கும். நோயை எதிர்க்கவேண்டிய சக்தி மூட்டு, தோல், சிறுநீரகம் என்று எமது உடலையே தாக்குகிறது. அதை அடக்கும் பிரெட்னிசொலோன் போன்ற குளிசைகள் உயிர் காப்பவை. ஆனால் கிருமிகளுக்கு எதிரான காவலையும் அவை தளர்த்திவிடும்.

சயரோகம் என்றதும் காங்கேசன்துறைச் சனற்றோரியத்தை நினைத்த காலம் போய்விட்டது, கிருமி போகவில்லை. உலகில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பெரும்பாலானோரில் அது உறங்கியே கிடக்கும். காவல் தளர்ந்தால் விழித்துக்கொள்ளும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியை இந்த வயதில் நம்பியிருக்க முடியாது.

ஆகவே, கூடிய அளவு ஸ்டீரொயிட் தொடங்குமுன், உங்களுக்கோ வீட்டாருக்கோ காசநோய் வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்றேயும், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையும் தேவைப்படலாம். ஸ்டீரொயிட் எடுக்கும்போது, தொற்று இருந்தும் மாண்டூ காட்டாமல் விடக்கூடும். முன்கூட்டியே செய்வது நல்லது. உறங்கும் தொற்று இருந்தால், நோயாக மாறவில்லை என்று உறுதிசெய்தபின், ஐசோனியசிட் குளிசையைச் சில மாதங்கள் தரலாம். ஈரலைக் கவனிக்கவேண்டிய மருந்து. வைத்தியர் தந்தால் மட்டுமே எடுக்கவேண்டும்.

காய்ச்சல், மெலிவு, களைப்பு இரண்டு நோய்க்கும் பொது. “லூபஸ் கூடிவிட்டது” என்று நீங்களே குளிசையைக் கூட்டாதீர்கள். பயந்து திடீரென நிறுத்தவும் வேண்டாம். லூபஸ் உள்ளவரில் காசநோய் நுரையீரலுக்கு வெளியேயும் வரும். இருமல் இல்லாமலே கழுத்தில் கட்டியாகத் தெரியலாம்.

இனி, எங்கள் ஊர்ப் பழக்கம். கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மகளின் லூபஸை மறைக்கிறோம். அயலார் கதைப்பார்கள் என்று ஐயாவின் இருமலைத் தடிமன் என்கிறோம். இரண்டு இரகசியமும் ஒரே வீட்டில் இருந்தால், ஆபத்து அந்தப் பிள்ளைக்குத்தான்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் சளியைப் பரிசோதிக்கட்டும். அரசாங்க மார்புநோய் கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் வழமையாக ஆறு மாத மருந்தில் குணமாகும். ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை, வைத்தியருக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள்.