தருமபுரியின் தண்ணீரும் நோயாளிக்குச் சேர வேண்டிய செய்தியும்

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்கே ஓடும் வெண்மை, மஞ்சள், பழுப்பு நிறக் கோடுகள், ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த அழுக்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. அழுக்கு பல்லின் மேல் படிவது, தேய்த்தால் குறைவது. இக்கோடுகளோ ஏறத்தாழ எட்டு வயது வரை, நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே, எனாமல் எனப்படும் மேற்பூச்சுக்குள் ஏற்பட்டுவிடும் குறைபாடு என்பதால் எத்தனை முறை தேய்த்தாலும் மறைவதில்லை. குடிநீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சி இருப்பதால் உண்டாகும் இந்நோய் புளோரோசிஸ் எனப்படுகிறது. அதே நீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களிடம் அது பல்லோடு நிற்பதில்லை. எலும்பிலும் மூட்டுகளைப் பிணைக்கும் நாண்களிலும் புளோரைடு படிந்து, கழுத்தையும் முதுகுத்தண்டையும் முழங்காலையும் விறைக்கச் செய்கிறது.

இந்தியாவில் எலும்பைத் தாக்கும் புளோரோசிஸ் முதன்முதலாக 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பதிவு செய்யப்பட்டது. தருமபுரியிலும் நோய்க்குக் காரணம் நிலத்தடி நீரே. மழை குறைந்த இந்நிலத்தின் அடியில் கிடக்கும் கருங்கல் வகைப் பாறைகளில் புளோரைடு கொண்ட தாதுக்கள் கலந்திருக்கின்றன. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அந்நீரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். புளோரோசிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2008-09-இல் தொடங்கியது. ஜப்பானியக் கடனுதவியுடன் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நோயின் வேரையே நாடிச் செய்யப்பட்ட பெரும்பணி என இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆயினும் கொள்கை குழாய் வழியே வந்து சேர்ந்துவிட்டால் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எலும்பில் ஏறிவிட்ட புளோரைடை இறக்கி, விறைத்த முதுகை மீண்டும் வளையச் செய்யும் மருந்து எதுவும் இல்லாத நோய் இது. ஆகவே நோயாளியின் காதுக்குச் சேரும் செய்தியே இங்கு மருத்துவத்தின் முதற்பகுதியாகிறது.

அச்செய்தியில் மிகுந்த கவனத்தோடு சொல்லப்பட வேண்டியது தண்ணீரைக் காய்ச்சுவது பற்றியதாகும். வயிற்றுப்போக்கும் காலராவும் பரவாதிருக்கத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு சுகாதாரத் துறை பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த அறிவுரை, கிருமிகளைப் பொறுத்தவரை முற்றிலும் சரியானது. ஆனால் புளோரைடு கிருமியன்று, உப்பு. கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறையும், உப்பு பாத்திரத்திலேயே தங்கும், எனவே காய்ச்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குளோரின் கலப்பதாலோ, துணியில் வடிகட்டுவதாலோ, சாதாரணப் பீங்கான் வடிகட்டியாலோ அது நீங்குவதில்லை. சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவியும், உரிய காலத்தில் புதுப்பிக்கப்படும் அலுமினா வடிகட்டியும் அதை நீக்க வல்லவை. தூய்மையாகச் சேமித்த மழைநீரில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தாய் நீரை நன்கு காய்ச்சிவிட்டோம் என்ற நிம்மதியில் இருக்கும்போது, இந்த ஒரு விளக்கம் அவளுக்குக் கிடைக்காமற்போவது பெரும் இழப்பாகும்.

புளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. குடிநீரில் காணப்படும் அளவில் நாக்குக்கும் அது தெரியாது. சோதித்தாலன்றி அறிய இயலாது. கோடையில் ஆற்றுநீர் வரத்துக் குறைந்து, மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிக் கலக்க நேர்ந்தால், குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று நம்பிக் குடிப்பவர்களுக்கு அந்த மாற்றம் புலப்படுவதில்லை.

எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதை முதற்கட்டமாக அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுதல், தாடையை மார்பில் படுமாறு தாழ்த்துதல், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிப் பின் மடக்கிப் பிடரியைத் தொடுதல் ஆகிய மூன்றும் களப்பணியாளர்கள் கையாளும் எளிய சோதனைகள். இவற்றைச் செய்ய முடியாதவர்களுக்கு நீர், சிறுநீர்ப் பரிசோதனைகளும் எக்ஸ்ரேயும் உறுதி சொல்லும். இது புளோரோசிஸாக இருக்கலாம் என்பது அறியப்படாத இடங்களில் வலி வெறும் மூட்டுவாதமாக எண்ணப்பட, வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டே அதே தண்ணீரைக் குடிக்கும் நிலை தொடர்கிறது.

உணவு பற்றிய அறிவுரைக்குத் தருமபுரி நல்வாய்ப்பான மண். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலைப் புளோரைடு கடுமையாகத் தாக்கும். இவ்வட்டாரத்தின் பழைய உணவான கேழ்வரகுக் களியோ அச்சத்து மிகுந்தது. முருங்கைக் கீரை, மோர், நெல்லிக்காய், கொய்யா ஆகியவையும் பரிந்துரைக்கத் தக்கவை. புளி உண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு காட்டியது. புளிய மரங்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் எந்த உணவும் நல்ல தண்ணீருக்கு மாற்றாகாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பால் சேர்க்காத தேநீரும் கருப்பு உப்பும் புளோரைடைக் கூட்டுவதால் குறைக்கத் தக்கவை.

இவற்றை யார் சொல்வது என்னும் கேள்விக்கு விடை அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, 2004 வரை தருமபுரியோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியையும் அவர்கள் சேர்த்துக் கேட்கலாம். சுவரொட்டியை விட, கேட்டவரின் ஐயத்துக்கு உடனே விடை தரும் ஊர்ப்பெண்ணின் வாய்ச்சொல்லே நம்பிக்கையை ஏற்படுத்தும்.

ஊராட்சிகளின் மேல்நிலைத் தொட்டிச் சுவரில் தூய்மை செய்த நாளை எழுதும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது. அதன் கீழே கடைசியாகச் சோதித்த புளோரைடு அளவையும், சோதித்த தேதியையும், 1.5 என்னும் உச்ச வரம்பையும் எழுதிவைப்பதற்கு ஒரு தூரிகையும் சிறிது வண்ணமும் போதும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் இவ்வாறு எழுதிவைக்குமாறு தீர்மானம் கோருவதற்கு, தருமபுரி மாவட்ட ஊராட்சிகளின் ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. நேயர்கள் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.